விரிப்பின் நுனியில் ஒரு முடிச்சு

சித்தப்பா எங்கே உட்கார்ந்து எழுந்தாலும், ஒரு முறை திரும்பிக் குனிந்து அந்த இடத்தை உள்ளங்கையால் நீவிவிட்டுத்தான் நகர்வார். நடுவிலிருந்து ஓரத்துக்கு, ஒரே இழுப்பு. எங்கள் வீட்டுக் கட்டில், பேருந்து இருக்கை, பல் மருத்துவரின் அறையில் கிடந்த சோபா, எதுவானாலும் சரி. மெத்தையே இல்லாத மர நாற்காலியைக்கூட ஒரு தடவை நீவிவிட்டு, பிறகு தன் கையையே பார்த்துச் சிரித்துக்கொண்டார்.

"நீங்க வந்துபோன தடம்கூட இருக்கக்கூடாதா? திருட வந்தவன் மாதிரி" என்று அம்மா கேட்பாள்.

"தடம் இருந்தா உங்களுக்குத்தானே அண்ணி வேலை" என்பார். அதற்கு மேல் அவருக்குப் பேச்சு ஓடாது.

எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து பார்த்த பழக்கம் அது. இருபது வருடம் பார்த்துச் சிரித்திருக்கிறேன். ஏன் என்று ஒரு முறைகூடக் கேட்டதில்லை.

அவர் அப்பாவின் தம்பி. நடக்க முடியாத முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஒரு பராமரிப்பு இல்லத்தில் துணி துவைக்கும் பிரிவில் இருபத்தேழு வருடம் வேலை பார்த்தார். இரண்டு முறை அவருக்குப் பெண் பார்த்தார்கள், அமையவில்லை. மூன்றாம் முறை யாரும் பேச்செடுக்கவில்லை, அவரும் நினைவூட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு எங்கள் வீட்டுக்கு வருவார். ஒரு தேநீர், அப்பாவோடு செய்தித்தாளில் பாதி, ஐந்து மணிக்குக் கிளம்பிவிடுவார். வந்த முதல் பத்து நிமிடம் கத்திப் பேசுவார். துவைக்கும் இயந்திரங்களுக்கு நடுவில் நாள் முழுக்க நின்ற தொண்டை அது. போகப்போகத் தானாகத் தணியும். தணிந்த பிறகு பேசுவதற்கு அவரிடம் ஒன்றும் இருக்காது.

அவர் வேலை செய்த இடத்துக்கு நான் ஒரே ஒரு முறை போயிருக்கிறேன், பட்டம் வாங்கிய வாரத்தில். தரைக்குக் கீழே ஜன்னல் இல்லாத நீள அறை. மாடிகளிலிருந்து அழுக்கு விரிப்புகள் ஒரு தகரக் குழாய் வழியாக வந்து விழும். அதன் கீழே நின்றுகொண்டு, ஒவ்வொன்றையும் விரித்து, விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் தண்ணீரில் போட்டார். ஒவ்வொரு விரிப்பின் ஓரத்திலும் சிவப்பு நூலில் கட்டில் எண் தைத்திருந்தது. என்ன பார்க்கிறார் என்று அப்போதும் நான் கேட்கவில்லை. கறை பார்க்கிறார் என்று நினைத்தேன்.

என் சான்றிதழை வாங்குவதற்கு முன் கையை மூன்று முறை துடைத்துக்கொண்டார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வரை போய் ஒருவர் கொண்டுவந்த முதல் காகிதம். இரண்டு ஓரத்தையும் விரல் நுனியால் பிடித்தபடி வெகுநேரம் பார்த்தார்.

"லேமினேட் பண்ணிடும்மா. தண்ணி பட்டா போச்சு" என்றார்.

பிறகு அந்த இல்லத்தை விற்றுக் கட்டடத்தை இடித்தார்கள். சித்தப்பா ஓர் இஸ்திரிக் கடையில் சேர்ந்தார். ஒன்றரை வருடம் கழித்து ஒரு மத்தியானம் அங்கேதான் விழுந்தார். வலது பக்கம் முழுவதும் போய்விட்டது. பேச்சு வந்தது, ஆனால் ஒவ்வொரு சொல்லையும் எங்கிருந்தோ தூக்கிக்கொண்டு வருவதுபோல வந்தது. மருத்துவமனையில் மூன்று வாரம் வைத்திருந்துவிட்டு, இனி ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

எங்கள் வீட்டில் இரண்டு அறைகள். மூன்று பேரும் வேலைக்குப் போகிறவர்கள். வீட்டிலேயே வைத்துக்கொள்ளக்கூடாதா என்று யாரும் கேட்பதற்கு முன்பே நாங்கள் ஒருவருக்கொருவர் பதில் சொல்லிக்கொண்டோம். சரியான பதில்தான். அதை அத்தனை முறை சொல்ல வேண்டியிருந்தது என்பதுதான் இப்போது உறுத்துகிறது.

அப்பா என்னிடம், "நீதான் படிச்சவ. நாலு இடம் போய்ப் பாரு. நீ சொல்றதுதான் முடிவு" என்றார். அவர் எதையும் என்னிடம் அப்படி ஒப்படைத்ததில்லை.

நான் படித்தது புள்ளியியல். ஒரு படிவம் தயார் செய்தேன். இருபத்திரண்டு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து மதிப்பெண். கழிப்பறை சுத்தம், காற்றோட்டம், துர்நாற்றம், இரைச்சல், விரிப்புகளின் இருப்பு, அழைப்பு மணி உண்டா, ஊழியர்கள் மரியாதையாகப் பேசுகிறார்களா. விடுப்பு எடுத்துக்கொண்டு நான்கு இல்லங்களுக்குப் போனேன்.

கடைசி இடத்தைப் பெற்ற இல்லம் ஒரே கூச்சல். உள்ளே நுழைந்ததும் அழைப்பு மணி அடித்தது, அது நிற்பதற்குள் இன்னொன்று. ஈர விரிப்புகள் தாழ்வாரம் முழுக்கக் கொடியில் தொங்கின. பலகைத்தட்டில் நாலைந்து விரிப்புதான் மிச்சம் இருந்தது. அழுக்குத் துணி மூட்டையோடு ஓடிவந்த ஓர் உதவிப் பெண், "வழியில நிக்காதம்மா, இடிச்சா நான் பொறுப்பில்ல" என்று என்னைத் தள்ளிக்கொண்டு போனாள். மரியாதைக்கு ஒன்று போட்டேன். இரைச்சலுக்குப் பூஜ்யம். மொத்தம் ஐம்பத்தொன்று.

முதலிடம் பெற்ற இல்லத்தில் எலுமிச்சை வாசனை வந்தது. நான் இருந்த ஒரு மணி நேரத்தில் மணியே அடிக்கவில்லை. ஒவ்வொரு மாடியிலும் கண்ணாடி அலமாரி நிறைய வெள்ளை விரிப்புகள், ஓரம் பிசகாமல் அடுக்கியிருந்தன. அலமாரி நிறைந்திருந்ததற்கு ஐந்துக்கு ஐந்து கொடுத்தேன். பக்கத்தில் 'மிக நன்று' என்று எழுதியதாகவும் நினைவு. மொத்தம் தொண்ணூற்று மூன்று.

"எம் பொண்ணு மார்க் போட்டு இடம் புடிச்சிருக்கா" என்று அப்பா தொலைபேசியில் எல்லாருக்கும் சொன்னார்.

சித்தப்பாவைச் சேர்த்த அன்று சக்கர நாற்காலியை நான்தான் தள்ளினேன். அலமாரியைத் தாண்டும்போது அவர் இடது கையை நீட்டினார். நிறுத்தினேன். கதவைத் திறந்து மேலே இருந்த விரிப்பின் மடிப்பை இரண்டு விரலால் தடவிப் பார்த்தார்.

"எப்படி இருக்கு சித்தப்பா?"

விரலை எடுக்காமலே, "மடிப்பு... நல்லா இருக்கு" என்றார்.

அதை நான் தொண்ணூற்று நான்காவது மதிப்பெண்ணாக எடுத்துக்கொண்டேன்.

அறையில் இரண்டு கட்டில்கள். பக்கத்துக் கட்டிலில் பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லாரும் டிரைவர் என்றே கூப்பிட்டார்கள். இரண்டு காலும் அசையாது, கையும் வாயும் நன்றாக இருந்தன. அழைப்பு மணியின் பொத்தான் சித்தப்பாவுக்கு வலப் பக்கம் தொங்கியது, அதாவது செத்துப்போன கையின் பக்கம். மணி உண்டா என்றுதான் என் படிவம் கேட்டது. எந்தக் கைக்கு எட்டும் என்று கேட்கவில்லை. மாற்றித் தரச் சொன்னேன். "மாத்திடறோம் மேடம்" என்றார்கள், மிக மரியாதையாக. ஒவ்வொரு ஞாயிறும் அதே மரியாதையோடு சொன்னார்கள்.

"விடும்மா, எனக்கு எட்டுது. முப்பது வருஷம் ஹாரன் அடிச்ச கை, சும்மா இருந்தா அரிக்கும்" என்றார் டிரைவர்.

சித்தப்பாவுக்குத் தண்ணீர் வேண்டுமென்றாலும், புரள வேண்டுமென்றாலும் டிரைவர்தான் மணியடித்தார். தாழ்வாரத்தில் செருப்புச் சத்தம் வரும், கதவைத் தாண்டிப் போகும்.

"பார்த்தியா, ஸ்டாப்புல நிக்காம போறாங்க. நான் எத்தனை ஸ்டாப்புல நிக்காம போயிருக்கேன் தெரியுமா? கையக் காட்டிக்கிட்டே பின்னாடி ஓடி வருவாங்க. கண்ணாடில பார்த்துக்கிட்டே போவேன். எல்லாம் இப்ப எனக்கே திரும்புது."

சித்தப்பாவின் வாய் ஒரு பக்கமாகக் கோணிச் சிரித்தது. நானும் சிரித்தேன். அது நகைச்சுவை இல்லை, தகவல் என்று எனக்கு உறைக்கவில்லை.

டிரைவரின் அலமாரியில் ஒரு வெள்ளைச் சட்டை கசங்கிக் கிடந்தது. வெளியூரில் இருக்கும் மகன் வரும் நாளில் போட்டுக்கொள்ள வைத்திருந்தார்.

"இவருக்கு எத்தனை தடவை மணியடிச்சிருக்கேன். கூலியா இந்தச் சட்டைக்கு இஸ்திரி போட்டுத் தரணும்னு சொல்லியிருக்கேன். என்னங்க, சரிதானே?"

"கை... வரட்டும்" என்றார் சித்தப்பா. "கழுத்துப்பட்டை... கண்ணாடி மாதிரி... தரேன்." அந்த இல்லத்தில் அவர் பேசி நான் கேட்ட மிக நீளமான பேச்சு அது.

இரண்டாம் மாதத்தில் அவருடைய விரிப்பின் நுனியில் ஒரு முடிச்சைப் பார்த்தேன். சின்ன, இறுக்கமான முடிச்சு. நுனி ஈரமாக இருந்தது. இடது கையாலும் பல்லாலும் போட்டிருக்கிறார். சும்மா கிடக்கிற கை, பொழுது போகாமல் எதையோ செய்கிறது என்று நினைத்து அவிழ்த்துவிட்டு, அந்த இடத்தை நீவிவிட்டேன். அடுத்த ஞாயிறும் இருந்தது.

"என்ன சித்தப்பா, சின்னப் பிள்ளை மாதிரி?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார். நான்கு ஞாயிறு, நான்கு முடிச்சு. நான்கையும் என் கையால் அவிழ்த்தேன்.

ஐந்தாவது ஞாயிறு, சித்தப்பா வேலை பார்த்த பழைய இல்லத்தில் தலைமை நர்ஸாக இருந்த ஓர் அம்மா அவரைப் பார்க்க வந்திருந்தார். எழுபது வயதிருக்கும், கைத்தடி ஊன்றி மூச்சு வாங்கிக்கொண்டே வந்தார். நலம் விசாரித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். நான் வழக்கம்போல் முடிச்சில் கை வைத்தேன்.

"கைய எடு" என்றார்.

எடுத்தேன்.

"இதை யாரு போட்டது?"

"சித்தப்பாதான். எப்பவும் போடுவார். நான் அவிழ்த்துடுவேன்."

அவர் கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு எழுந்தார். "வா, அந்தப் பக்கம் புடி. திருப்பணும்." இருவரும் சேர்ந்து சித்தப்பாவை ஒருக்களித்துப் படுக்க வைத்தோம். சட்டையைத் தூக்கி, கீழ் முதுகைப் பார்த்தார். நானும் பார்த்தேன். இடுப்பு எலும்புக்கு மேல் ஒரு பாட்டில் மூடி அகலத்துக்குத் தோல் இல்லை. அதைச் சுற்றிக் கருத்திருந்தது. கீழே விரிப்பில் மஞ்சளாக ஒரு வட்டம், அதன் மேல் பழைய வட்டம் ஒன்று காய்ந்திருந்தது.

"வலிச்சுதா சித்தப்பா?" என்று கேட்டேன். எவ்வளவு முட்டாள்தனமான கேள்வி. அவர் முகம் சுவரைப் பார்த்து இருந்ததால் பதில் தெரியவில்லை.

அந்த அம்மா சித்தப்பாவின் முதுகைப் பார்த்தபடியே பேசினார். "எங்க இல்லத்துல கீழ தொவைச்சுக்கிட்டிருந்த இவரு நோயாளி ஒருத்தரையும் பார்த்தது கிடையாது. ஆனா விரிப்புல இந்த மாதிரி ஒரு பொட்டு தெரிஞ்சா, தொவைச்சு மடிச்சு நுனில ஒரு முடிச்சு போட்டு மேல அனுப்புவாரு. அந்த எண் கட்டில்ல இருக்கிறவருக்கு முதுகைப் பாருங்கன்னு அர்த்தம். மொத தடவை எவன்டா முடிச்சு போட்டதுன்னு இறங்கிப் போய்த் திட்டினேன். அப்புறம் தெனமும் காலைல வந்த உடனே முடிச்சு இருக்கான்னு பார்த்துட்டுத்தான் மத்த வேலை. விரிப்புல ஒரு சுருக்கம் இருந்தாலே போதும், அசைய முடியாத ஒடம்புல அது அறுத்துடும்."

உட்கார்ந்த இடத்தை நீவிவிடும் உள்ளங்கை எனக்குள் ஒரு முறை நகர்ந்து நின்றது.

"வாயால சொல்லியிருக்கலாமே" என்றேன். "எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா மேல யாருக்காவது வேலை போயிடும்னு பயப்படுவாரு. முடிச்சுன்னா யாருக்கும் சேதம் இல்ல. பார்க்கத் தெரிஞ்சவன் பார்ப்பான்." பிறகு கேட்டார்: "இந்த இடத்தை யாரு தேடினா?"

"நான்தான்" என்றேன்.

அவர் கைத்தடியை எடுத்துக்கொண்டார். கீழே துணி துவைக்கும் அறைக்குக் கூட்டிப் போகச் சொன்னார்.

அங்கே ஓர் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது, இரண்டு சும்மா நின்றன. ஒரு பெண் பெஞ்சில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் பதறி எழுந்தாள். பரவாயில்லை என்று உட்கார வைத்தோம்.

"ஒரு மாடில இருந்து ஒரு நாளைக்கு எத்தனை விரிப்பும்மா வருது?" என்று அந்த அம்மா கேட்டார்.

"எட்டு வரும். சில நாள் பத்து. இங்க வேலை கம்மிதாங்க, அதைச் சொல்லணும்."

"நுனில முடிச்சு போட்டது ஏதாவது வந்துச்சா?" என்று நான் கேட்டேன்.

அவள் யோசித்தாள். "இல்லைங்களே. எதுக்கு முடிச்சு?"

ஒரு மாடிக்கு இருபது கட்டில். அதில் பாதிப் பேருக்கு மேல் எழுந்திருக்க முடியாதவர்கள். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் ஒரு நாளைக்கு நாற்பது விரிப்பாவது அழுக்காகும் என்று படியேறும்போது அந்த அம்மா சொன்னார். அவர் சொல்வதற்கு முன்பே கணக்கு எனக்குப் புரிந்துவிட்டிருந்தது. அலமாரி ஏன் நிறைந்திருந்தது என்று புரிந்தது. கண்ணாடிக் கதவைத் திறந்து மேல் விரிப்பின் மடிப்பைத் தொட்டேன். வாரக்கணக்கில் யாரும் எடுக்காமல் அட்டைபோல் விறைத்திருந்தது. அதன் மேல் மெல்லிய தூசி. சேர்த்த அன்றே சித்தப்பாவின் இரண்டு விரல்களுக்கு இது தெரிந்திருக்கிறது.

அறைக்குத் திரும்பி அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"முதல் நாளே தெரியும்தானே? ஏன் சொல்லலை?"

சொற்களைத் தேடி எடுக்க அவருக்கு நேரம் பிடித்தது.

"நீ... மார்க் போட்டு... எடுத்த இடம்" என்றார்.

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சான்றிதழை ஓரம் பிடித்து வாங்கிய அதே குரலில் சொன்னார். அவர் கீழே யாரோ ஒருவருக்கு முடிச்சு அனுப்பிக்கொண்டிருந்தார், விளக்குக்கு நேராக விரிப்பைத் தூக்கிப் பார்க்கும் யாரோ ஒருவருக்கு. அந்த விரிப்பு கீழே போகவே இல்லை. போயிருந்தாலும் முடிச்சு இருந்திருக்காது.

மறுநாளே விடுப்பு எடுத்து, ஐம்பத்தொன்று வாங்கிய இல்லத்துக்குப் போனேன். என்னைத் தள்ளிவிட்ட அதே பெண் மூட்டையோடு எதிரில் வந்தாள். "மறுபடியும் வழியிலயே நிக்கிற" என்றாள். இடம் இருக்கிறதா என்று கேட்டேன். மூன்று நாளில் ஒரு கட்டில் கிடைத்தது.

கிளம்பும்போது டிரைவர் வேடிக்கையாகவே பேசினார். "போங்க, போங்க. உங்க வண்டி வந்துடுச்சு. நமக்கு அடுத்தது வரும்." அவரையும் மாற்றச் சொல்லி நான் முந்தின நாள் அவர் மகனிடம் தொலைபேசியில் பேசியிருந்தேன். "பார்க்கலாங்க" என்றார் மகன். சித்தப்பா இடது கையால் டிரைவரின் அலமாரியைக் காட்டினார். அந்தச் சட்டையைக் கொண்டுபோக வேண்டும் என்றார்.

"அங்க போய்ப் போட்டுத் தரப் போறீங்களா?"

"தரேன்னு... சொன்னேன்ல."

சட்டையைப் பையில் வைத்தேன். டிரைவர் பொத்தானைப் பிடித்து ஒரு முறை மணியை அழுத்தினார், வழியனுப்ப. வழக்கம்போல் யாரும் வரவில்லை.

புதிய இல்லத்தில் சித்தப்பா ஏழு வாரம் இருந்தார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அவரைத் திருப்பிப் படுக்க வைத்தார்கள். திருப்பும்போது அந்த உதவிப் பெண் சுருதி சேராமல் பாட்டுப் பாடுவாள். மணிகள் விடாமல் அடித்தன, கொடியில் விரிப்புகள் சொட்டின. சித்தப்பா அந்தச் சத்தத்தில் குழந்தைபோலத் தூங்கினார். இருபத்தேழு வருடம் இரைச்சலில் வாழ்ந்த மனிதருக்கு நான் அமைதியான அறையைத் தேடிக் கண்டுபிடித்திருந்தேன்.

விழித்திருக்கும்போது இடது கையால் போர்வையை நீவிக்கொண்டே இருப்பார். ஒரு நாள் இஸ்திரிப் பெட்டி கேட்டார். படுக்கையில் தர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். சட்டையைக் கேட்டு வாங்கி, மார்பின் மேல் விரித்து, கழுத்துப்பட்டையைக் கையாலேயே அழுத்திப் பார்த்தார். அது மறுபடி சுருண்டுகொண்டது. புண் ஆறிக்கொண்டு வந்தது. ஆனால் நெஞ்சில் சளி கட்டியது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை நான் அலுவலகத்தில் இருந்தபோது போய்விட்டார். நான் போய்ச் சேர்வதற்குள் கட்டிலில் வேறு விரிப்பு போட்டிருந்தார்கள். அவருடையது துவைக்கப் போயிருந்தது.

முதல் இல்லத்தைப் பற்றி, விரிப்புக் கணக்கோடு, உரிய அலுவலகத்துக்கு எழுதினேன். கடிதம் கிடைத்தது என்று ஒரு பதில் வந்தது. நான் வைத்திருக்கும் படிவத்தில் இப்போது எந்தக் கேள்வியின் மீதும் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் கிழித்துப் போடவில்லை.

பதினைந்து நாள் கழித்து அந்தச் சட்டைக்கு நானே இஸ்திரி போட்டேன். தண்ணீர் தெளித்து, சுருட்டி வைத்து, நிதானமாகத்தான் போட்டேன். கைப்பகுதியில் மடிப்பு ஒன்றுக்கு இரண்டாக விழுந்துவிட்டது. எடுத்துக்கொண்டு டிரைவரைப் பார்க்கப் போனேன். பக்கத்துக் கட்டில் காலியாக இருந்தது. பொத்தான் அதே இடத்தில் தொங்கியது. சித்தப்பா போன செய்தி டிரைவருக்கு ஏற்கெனவே எட்டியிருந்தது.

அவர் சட்டையை மடியில் விரித்து, கழுத்துப்பட்டையைத் தடவினார். பிறகு சட்டையின் கையைத் தூக்கி இரண்டு மடிப்பையும் பார்த்தார்.

"இது அவர் போட்டது இல்ல."

"நான்தான் போட்டேன். அவர் சொன்னாரேன்னு."

"நீ எனக்கு எதுவும் தர வேண்டியதில்லையேம்மா" என்றார். சட்டையை மறுபடி மடித்து, தட்டி, என் கையிலேயே வைத்தார். "மகன் வரேன்னு இன்னும் சொல்லல. இது உங்கிட்டயே இருக்கட்டும். தர வேண்டியவர் ஒருத்தர் பாக்கி வச்சிருக்காருன்னு நான் இருந்துக்கறேன்."

என் அலமாரியில் இப்போது அது தொங்குகிறது. கழுத்துப்பட்டை கண்ணாடி மாதிரி இல்லை.